பெட்டிக்கு ஏற்ற ஆம்ப்ளிபயர்

அவளிடம் சாப்பிட ஏதாவது கொடுத்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவாள். ஏற்காட்டுக்கு மருமகளாக வந்த முதல் பெருநாளில் நான் ஆக்கிய பிரியாணியைத் தெருவே புகழ்ந்தது. என் மாமியார்கூட மனசு வந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது, "உப்பு ஒரு கல்லு தூக்கலுங்க்கா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் மிச்சத்தைச் சுடவைத்துத் தின்றபோதுதான் அந்த ஒரு கல் என் நாக்குக்கும் தட்டுப்பட்டது.

"இருக்கறதத்தானுங்க்கா சொன்னேன்." எப்போதும் இதுதான் அவளுடைய சமாதானம். சொல்வதில் குத்தல் இருக்காது, கோபம் இருக்காது. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்கிற குரல்தான்.

கொட்டச்சேடு போகும் வழியில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸில் அவள் டைப்பிஸ்ட். அப்பா அதே எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். அவரும் போய், அம்மாவும் போய், நான் பார்க்கும்போது ஒண்டிக்கட்டை. வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ஒல்லியான உடம்பு, மே மாதத்திலும் கழற்றாத ஒரு மெரூன் ஸ்வெட்டர். எதையாவது கவனித்துக் கேட்க வேண்டுமென்றால் தலையை இடதுபக்கம் சாய்த்து ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொள்வாள். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். இந்தப் பக்கம் என் சமையலறை, அந்தப் பக்கம் அவளுடைய கூடம்.

கண்ணால் பார்ப்பதைவிடக் காதால்தான் அவள் மனிதர்களைத் தெரிந்துவைத்திருந்தாள். ஒருநாள் காலையில் ஆபீஸ் புறப்பட்டவள் எங்கள் வாசலில் நின்று, "ஏனுங்க்கா, அண்ணன்கூடச் சண்டைங்களா?" என்றாள்.

"உனக்கு ஆரு கண்ணு சொன்னது?"

"மொளகா அரைக்கிற சத்தமே சொல்லுதுங்க்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்தது. இந்தக் காதால் நல்லது நடந்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். மற்றபடி அது அவளுக்கு வில்லங்கமாகவே இருந்தது. எஸ்டேட்டில் ஆயுத பூஜைக்கு மேனேஜர் மகள் பாடினாள். பாடி முடித்ததும் மேனேஜர் பெருமை பொங்க எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, போதாத காலம், இவளைப் பார்த்து, "எப்படிம்மா?" என்றார். "பாப்பாவுக்குச் சாரீரம் நல்லா இருக்குதுங்க. சுருதிதான் சேரலீங்க" என்றாள். அதற்கப்புறம் ஆபீஸில் அவளுடைய டைப்ரைட்டர் ஜன்னலோரத்திலிருந்து குடோன் பக்கத்துக்கு மாற்றப்பட்டது.

கல்யாணமும் அப்படித்தான் நின்றது. ஆத்தூர்ப் பக்கமிருந்து அவளுடைய தாய்மாமன் ஒரு மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். பார்க்க லட்சணமாக இருந்தான். பஜ்ஜித் தட்டை நான்தான் கொண்டுபோய் வைத்தேன். அவர்கள் போனதும் வேண்டாம் என்றுவிட்டாள்.

"ஏன் சாமி? நல்ல பையனாத்தானே தெரியுது?"

"அவரு சிரிச்சு முடிச்சப்பறமும் தொண்டையில சத்தம் மட்டும் ஓடிக்கிட்டே இருக்குதுங்க்கா. சிரிப்பு வராம சிரிக்கிறாருங்க."

மாமன்காரருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "உன்ற காதையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனவர் அப்புறம் ஏற்காடு பக்கம் வரவே இல்லை. அவளுக்கு இருந்த ஒரே சொந்தமும் அதோடு போயிற்று. அன்று சாயங்காலம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து மீதி பஜ்ஜியைக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். நான் வாய் நீளமானவள். அன்றைக்கு டீயை மட்டும் போட்டுக் கொடுத்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் எஸ்டேட் லாரி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது. இடுப்பு உயரத்தில் இரண்டு மரப் பெட்டிகளை நாலு ஆட்கள் முக்கி முனகி இறக்கினார்கள். ஒண்டியாளுக்கு எதற்கு இரண்டு பீரோ என்று தெருவே எட்டிப் பார்த்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை, நேராக உள்ளேயே போய்விட்டேன். பீரோ இல்லை, ஸ்பீக்கர். எஸ்டேட்டின் பழைய துரையும் துரையம்மாவும் நாட்டைவிட்டே கிளம்பும்போது, கப்பலில் ஏற்றக் கட்டுப்படி ஆகாது என்று, ஸ்பீக்கர்களையும் ரெக்கார்ட் பிளேயரையும் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் இவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். துரையின் பங்களாவுக்கு டைப் அடித்த காகிதங்களைக் கொண்டுபோகும்போதெல்லாம் இவள் வராந்தாவில் நின்று பாட்டுக் கேட்பாளாம். அதைத் துரையம்மா பார்த்துவைத்திருக்கிறாள்.

எல்லாம் வந்தது, ஒன்று மட்டும் வரவில்லை. ஸ்பீக்கரைப் பாடவைக்கிற ஆம்ப்ளிபயர் முந்தைய கோடை இடியில் எரிந்துபோயிருந்தது. பெட்டிகள் இரண்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி கூடத்தில் நின்றன. வாரக்கணக்கில் அவற்றைத் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

சேலத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஒருவரை வரவழைத்துக் கொடுத்தது என் வீட்டுக்காரர்தான். எங்கள் கடை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில். கயிறு, ஆணி, லாந்தர், பல்பு என்று எல்லாம் விற்போம். அந்த மெக்கானிக் சரக்கு வாங்கித் தருகிற வகையில் பழக்கம். கட்டம் போட்ட சட்டை, குனிந்த நடை, அதிகம் பேசாத ஆள். வயது அவளைவிட ஒன்றிரண்டு குறைவாக இருக்கலாம். அம்மாவோடு தனியாக இருந்தார்.

முதல் நாள் அவர் வந்தபோது நானும் கூடவே போனேன். ஒரு பெண் தனியாக இருக்கிற வீடு, நாலு பேர் பேசக் கூடாது என்று சாக்கு. உண்மையில் வேடிக்கை பார்க்கத்தான். அவர் பெட்டியின் முதுகுப்பலகையைக் கழற்றி உள்ளே பார்த்தார். 

"ஏனுங்க, நொம்பப் பெரிய சாமானுங்க இது. எல்லாச் செட்டும் இதுக்கு ஆகாது."

"எப்படிங்க?"

"இது நாலு ஓம் ஸ்பீக்கருங்க. நிறையக் கரண்ட் குடிக்கும். சாதா ஆம்ப்ளிபயரக் கொண்டாந்து மாட்டுனா அது எட்டு ஓமுக்குன்னு செஞ்சதா இருக்கும். கொஞ்ச நேரத்துல சூடாயிப் பாட்டு கரகரன்னு ஆயிரும். வாட்ஸ் எத்தனைன்னு எழுதியிருக்கறத நம்பி வாங்கக் கூடாதுங்க. பெட்டியும் செட்டும் ஒன்னுக்கொன்னு பொருந்தோணும்."

"பொருந்திடுச்சுன்னு எப்படிங்க தெரியும்?"

"அத நீங்கதானுங்க சொல்லோணும்."

அவள் துரையின் தட்டுகளுக்கு நடுவிலிருந்து தன்னுடைய ஒரு தட்டை எடுத்து வந்தாள். அவளுடைய அப்பா வாங்கி வைத்திருந்த வீணைத் தட்டு. பங்களாவில் ஒரே ஒரு முறை துரையம்மா அதைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். "இதுல ஒரு எடத்துல, வாசிக்கிறவங்க அடுத்த வரி எடுக்கறதுக்கு முன்னாடி மூச்சு இழுப்பாங்க. அது அங்க கேட்டுச்சுங்க. அது கேட்டா பொருந்திடுச்சுன்னு அர்த்தமுங்க" என்றாள்.

நான் அந்தச் சமயம் இதை ஒரு கிறுக்கு என்றுதான் எடுத்துக்கொண்டேன். பாட்டைக் கேட்காமல் மூச்சைக் கேட்கிறாளே என்று. பின்னால்தான் உறைத்தது. ஆபீஸிலிருந்து வந்து கதவைத் திறந்தால் உள்ளே ஒரு மூச்சும் இல்லாத வீடு அது. வேறெதைக் கேட்பாள்?

அவர் நூல் பிடித்து ரெக்கார்ட் பிளேயர் மேஜையிலிருந்து இரண்டு பெட்டிக்கும் தூரம் அளந்தார். இருந்த ஒரே பிரம்பு நாற்காலியை முன்னும் பின்னும் நகர்த்தி, இரண்டு பெட்டியின் சத்தமும் சரியாகச் சேர்கிற இடத்தில் வைத்து, தரையில் சாக்பீஸால் குறி போட்டார். போகும்போது எங்கள் கடையில் நின்று வயர் கேட்டார். மாமனார் காலத்துச் சரக்கு ஒன்று பரணில் கிடந்தது. மஞ்சளும் கறுப்புமாகத் துணி சுற்றி முறுக்கிய தடித்த வயர். கடைசிக் கட்டு. "சேலத்துலயே இப்ப இது கெடைக்காதுங்க பாய்" என்று முழுவதையும் வாங்கி, நூலில் அளந்த நீளத்துக்குக் கடைப் பலகையிலேயே இரண்டு துண்டாக வெட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வரத் தொடங்கினார். எல்லா ஞாயிறும் இல்லை. மாதம் ஒருமுறை, சில சமயம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சாக்குச் சுற்றிய ஒரு கனமான பெட்டி தோளில் இருக்கும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆம்ப்ளிபயர்.

கல்யாண வீட்டுக் குழாய்ப் பாட்டுக்கு வாடகைக்குப் போகிற செட்டு ஒன்றை முதலில் கொண்டுவந்தார். அதைப் போட்டதும் சுவர் ஒட்டிய என் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் எல்லாம் கிணுகிணுவென்று ஆட ஆரம்பித்தன. நான் கரண்டியோடு ஓடினேன். அவள் நாற்காலியில் தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடியிருந்தாள். அவர் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். பாட்டு முடிந்தது.

"ஏனுங்க?" என்றார் அவர்.

"சத்தம் இருக்குதுங்க. மூச்சு இல்லைங்க."

அவர் முகம் வாடவில்லை. மீதி வயரைச் சுருட்டிக்கொண்டு, "அடுத்த தடவ வேற பார்க்கலாமுங்க" என்றார்.

அப்புறம் ஒரு வால்வு செட்டு. உள்ளே பல்பு மாதிரி செக்கச் செவேலென்று எரியும். குளிருக்கு அதன்மேல் கை காயலாம் போலிருந்தது. வீணை இதமாகத்தான் இருந்தது, ஆனால் மிருதங்கம் விழும்போதெல்லாம் ஒரு சோர்வு. "ஒறங்கப் போறவங்க வாசிக்கிறாப்பல இருக்குதுங்க" என்று தள்ளிவிட்டாள். சீமைச் சாமான், பித்தான்கள் பளபளவென்று மின்னுகிற செட்டு ஒன்று, யாரோ வளைகுடாவிலிருந்து கொண்டுவந்ததாம், அதுவும் வந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அது நன்றாக இருந்தது என்றுதான் என் காதுக்குப் பட்டது. அவள் உதட்டைப் பிதுக்கினாள். "எல்லாம் சுத்தமா இருக்குதுங்க. ஆள்தான் இல்லை." எங்கள் தெருவில் விளக்கு மங்குகிற சாயங்கால வோல்டேஜில் இன்னொன்று ஊங்ஊங் என்று அழுதது.

ஆகாது என்றாலும் ஒவ்வொரு செட்டையும் விட்டுவிட்டு, முந்தையதைத் தூக்கிக்கொண்டு போவார். சில வாரம் போட்டுக் கேளுங்கள் என்பார். எனக்கு டம்ளர்கள் தெரிவித்துவிடும். அவள் வந்துவிட்டாள், ஸ்வெட்டரோடு உட்கார்ந்துவிட்டாள், வீணைத் தட்டைப் போட்டுவிட்டாள் என்று. என் வீட்டுக்காரர் கடைக்குப் போனால் ராத்திரிச் சோற்றுக்குத்தான் வருவார். பிள்ளைகள் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் பிறந்தன. பனி இறங்கி எதிர்வீடுகூடத் தெரியாமல் போகிற சாயங்காலங்களில் அந்தக் கிணுகிணுப்பு எனக்கும் துணையாகத்தான் இருந்தது. திட்டிக்கொண்டேதான் கேட்பேன், ஆனால் கேட்பேன்.

அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்று தெருவில் கேட்டார்கள். நான் உடனிருந்து பார்த்தவள், சொல்கிறேன்: ஒன்றும் பேசவில்லை. ஓம், வாட்ஸ், வோல்டேஜ், மழை, கடைசி பஸ். அவளும் அவரை ஏனுங்க என்பாள், அவரும் அவளை ஏனுங்க என்பார். இந்தப் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் கூப்பிட்டுக்கொள்வதும் அப்படித்தானே என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வாயை மூடிக்கிட்டு இரு புள்ள" என்றார். ஆனால் அவரும் சிரித்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் வருகிற ஞாயிறுகளில் அவள் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவாள். எவ்வளவு பனி பெய்தாலும் சரி.

ஒரு தடவை நான் அவரையே மடக்கினேன். "ஏன் தம்பி, எங்க கடையில அத்தனை வயரு வாங்கிட்டுப் போனீங்களே, அது எங்க? ஒவ்வொரு தடவையும் இந்த ஒல்லி வயரத்தானே மாட்டறீங்க?"

அவருக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. "இருக்குதுங்க்கா. சரியான செட்டுக்குன்னு வெச்சிருக்கறேனுங்க."

இப்படியே மூன்று வருஷக் காபிப் பூ பூத்து உதிர்ந்தது. அவருடைய கடையில் ரேடியோ போய் டிவி ரிப்பேர் வந்துவிட்டது. அவளுக்குக் காதோரம் நரை எட்டிப் பார்த்தது. அவளிடம் நான் சாடைமாடையாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "எத்தனை செட்டுதான் கண்ணு தள்ளுவ? ஏதோ ஒன்ன வெச்சுக்கலாமில்ல?" என்பேன். "மூச்சு கேக்கலீங்களே அக்கா" என்பாள். அவள் செட்டைத்தான் சொல்கிறாளா, சாக்குச் சொல்கிறாளா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் அவளுக்குச் சாக்குச் சொல்ல வராது. கேட்கவில்லை என்றால் கேட்கவில்லைதான்.

ஆரஞ்சு வரத்து முடிகிற நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பஸ்ஸில் அவர் வந்தார். கடையில் என் வீட்டுக்காரரிடம் வழக்கத்துக்கு மாறாக உட்கார்ந்து டீ குடித்தார். பிறகு எழுந்து அவள் வீட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நின்றார். பகல் நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

"அந்தத் தம்பிக்கு அவங்க அம்மா ஓமலூர்ல பொண்ணு பார்த்திருக்குது. நாளைக்குப் பூ வைக்கப் போலாங்குதாம். சாயங்காலம் வந்து முடிவு சொல்றேன்னு சொல்லிட்டு வந்திருக்குதாம் இது."

"நம்ம புள்ளகிட்டச் சொல்லுச்சா?"

"புள்ளகிட்ட எதுக்குச் சொல்லோணும்? ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன இருக்குதுன்னு சொல்லும்?" என்று கேட்டவர், கொஞ்சம் நிறுத்தி, "போயி டீ குடுத்துட்டு வா புள்ள" என்றார்.

 டீ போட்டேன். போடும்போதுதான் கவனித்தேன், டம்ளர்கள் ஆடவில்லை. செட்டு இன்னும் போடவில்லை போலிருக்கிறது, நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். நுழைந்தால் கூடம் முழுக்க வீணை. யாரோ உள்ளே உட்கார்ந்து வாசிக்கிறார்கள், நான் நேரம் கெட்ட நேரத்தில் வந்துவிட்டேன் என்று ஒரு கணம் நிஜமாகவே தயங்கி நின்றுவிட்டேன். சத்தம் அதிகம் இல்லை, ஆனால் எல்லாம் இருந்தது. கம்பியில் நகம் படுவது கேட்டது. அந்த இடம் வந்தது. வாசிக்கிறவர் மூச்சை இழுத்தார். எனக்கே கேட்டது.

அவள் இரண்டு கண்களையும் மூடியிருந்தாள். தலை சாயவில்லை. தட்டு முடியும்வரை யாரும் அசையவில்லை.

"ஏனுங்க?" என்றார் அவர். வழக்கமாகக் கதவருகில் நிற்பவர் அன்று அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

"சரியா இருக்குதுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஏதாச்சும் கொறை இருந்தாச் சொல்லுங்க. நான் திரும்ப எடுத்துட்டுப் போயி…"

"கொறையே இல்லைங்க. மூச்சு கேட்டுச்சுங்க."

"இன்னொரு தடவ வேற பார்க்கலாமுங்களா?"

"எதுக்குங்க? இதேதானுங்க. இனிமே ஒன்னும் தேட வேண்டியதில்லை." அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. குழந்தை மாதிரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தரையில் இருந்த சாக்பீஸ் குறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிங்க" என்றார். சாக்கை மடித்தார். நான் நீட்டிய டீயை நின்றபடியே குடித்துவிட்டு, "வர்றேனுங்க்கா" என்று என்னிடம்தான் சொன்னார். முந்தைய செட்டைப் போன தடவையே எடுத்துப் போயிருந்ததால், தோளில் சுமை இல்லாமல் அவர் நடந்து போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சுமை இருந்தபோது நிமிர்ந்து நடந்தார் என்று தோன்றியது.

அவர் தெருமுனை திரும்பியதும் நான் போட்டு உடைத்துவிட்டேன். ஓமலூர்ப் பெண், நாளைக்குப் பூ, சாயங்காலம் முடிவு, எல்லாவற்றையும். அவள் முதலில் சிரிப்பு மாறாமலேயே கேட்டாள். பாதி கேட்டதும் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எழுந்து ஆம்ப்ளிபயரை அணைக்கப் போனவள் அதன் பின்பக்கத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். நானும் பார்த்தேன்.

எங்கள் கடை வயர். மஞ்சளும் கறுப்பும்.

கடைக்காரன் பெண்டாட்டிக்குப் பழைய சரக்கைப் பார்த்தால் தெரியும். நேற்று மாட்டிய வயர் இல்லை அது. வெளிப்பக்கம் மஞ்சள் வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தது. மடிப்புக்குள் மட்டும் வாங்கின அன்றைய மஞ்சள். ஆம்ப்ளிபயரின் மேல் வயரைச் சுற்றி வைத்திருந்த இடமெல்லாம் வரிவரியாகப் புதுப் பெயிண்ட், மற்ற இடம் மங்கல். வருஷக்கணக்கில் அப்படியே சுற்றி, ஏதோ ஒரு பரணில் வைத்திருந்தால்தான் இப்படி ஆகும். முதல் நாள் நூலில் அளந்து வெட்டிக்கொண்டு போனாரே, போன கையோடு இந்தச் செட்டையே செய்து முடித்திருக்கிறார்.

"இது மொதல்லயே இருந்திருக்குதுங்க்கா" என்றாள் அவள். அந்த வயரைத் தொட்டாள். "நாலு ஓமுன்னு அவருதானுங்க மொதநாளே சொன்னாரு. சொல்லிட்டு அந்தக் கல்யாண வீட்டுச் செட்ட எதுக்குங்க தூக்கிட்டு வந்தாரு? அவருக்குத் தெரியாதுங்களா அது ஆகாதுன்னு? எல்லாமே ஆகாதுன்னு தெரிஞ்சேதான் தூக்கிட்டு வந்திருக்காரு. அத்தனை வளைவு ஏறி."

"இன்னைக்கு நீ வேண்டாம்னு சொல்லுவியான்னு பார்த்திருக்குது கண்ணு" என்றேன்.  "பஸ் எடுக்க இன்னும் நேரம் இருக்குது. ஓடு. செருப்புக்கூட வேண்டாம், ஓடு சாமி."

அவள் வாசல்வரை போனாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போயி என்னன்னுங்க்கா சொல்றது?"

"நல்லா இல்லைன்னு சொல்லு! வேற கொண்டாரச் சொல்லு!"

"நல்லாத்தானுங்க்கா இருக்குது" என்றாள். "மூச்சு கேட்டுச்சே."

எனக்கு அவளைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. உலுக்கியும் பார்த்தேன். அழுதாள், ஆனால் நகரவில்லை. நானே ஓடிப் போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பியபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கறத அவருகிட்டச் சொல்லிட்டேனுங்க்கா. அதுக்கு மேல அவரு கேக்கவும் இல்லை, எனக்குச் சொல்லவும் தெரியலை." அந்தப் பிடியில் அப்படி ஒரு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதல் கொண்டை ஊசி வளைவில் பஸ் ஹாரன் அடித்தது எங்கள் இருவருக்கும் கேட்டது. அவள் மட்டும் அதற்குப் பிறகும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். அவளுடைய காது அப்படி.

அவர் அதற்கப்புறம் மலையேறவில்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் போய்விட்டு வந்தார்.

நல்ல ஆம்ப்ளிபயரில் ஒரு கெடுதல் இருப்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அது கேட்கிறவருக்கு மட்டும்தான் கேட்கும். சுவர் அதிராது, டம்ளர் ஆடாது. அவள் வந்துவிட்டாளா, உட்கார்ந்திருக்கிறாளா, தட்டைப் போட்டாளா, ஒன்றும் எனக்குத் தெரியாமல் போயிற்று. டம்ளர்களை ஒன்றோடொன்று இடிக்கிற மாதிரி நெருக்கி அடுக்கி வைத்துக்கூடப் பார்த்தேன். ம்ஹூம். "கேக்கறியா கண்ணு?" என்று கேட்டால், "தெனமும் கேக்கறேனுங்க்கா" என்பாள். ஸ்வெட்டரை அவள் மறுபடி கழற்றி நான் பார்க்கவில்லை. சில வருஷத்தில் எஸ்டேட் கைமாறி, அவளைக் கர்நாடகப் பக்கம் ஒரு காபித் தோட்டத்துக்கு மாற்றினார்கள். பெட்டிகளையும் செட்டையும் அந்தப் பிரம்பு நாற்காலியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

போவதற்கு முந்தைய பெருநாளுக்கு அவளுக்குக் கிண்ணம் நிறையப் பிரியாணி கொடுத்திருந்தேன். என் எதிரிலேயே உட்கார்ந்து வழித்துச் சாப்பிட்டாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே, "நல்லா இருக்குதுங்க்கா" என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் வாயால் வந்த முதல் சர்டிபிகேட். அவள் போனதும் ஆசையாக ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

உப்பே போட்டிருக்கவில்லை நான்.

கையைக்கூடக் கழுவாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பொய் சொல்ல அவளுக்கு வராது என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தேன். வாழ்நாளில் அவள் சொன்ன ஒரே ஒரு பொய், அதுவும் போயும் போயும் என் பிரியாணிக்குச் செலவாகிவிட்டது.